வெப்பநிலை முள் இல்லாத புதிய கார்: சிவப்பு விளக்கை மட்டும் நம்பி ஓட்டலாமா?

கேள்வி (மன்னார்குடியிலிருந்து)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற குறுவை அறுவடையின்போது, வாங்கி மூன்று ஆண்டுகளான என் பெட்ரோல் காரில் வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்குச் சென்றுகொண்டிருந்தேன். அதுவரை எந்தக் குறையும் காட்டாத டேஷ்போர்டில் திடீரென்று சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டேன். ஆயினும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்மூடிக்கும் உடலுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது. பணிமனையில் கழற்றிப் பார்த்தபோது, சாலையில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்ட இடங்களில் பறந்த பதரும் தூசும், எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரின் முன்புறத்தை அடைத்திருந்தன. போதாக்குறைக்கு ஒரு ரப்பர் குழாயில் மெல்லிய கசிவும் இருந்திருக்கிறது.

இந்தக் காரில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கும், அளவு மீறிச் சூடேறினால் சிவப்பு விளக்கும் எரியும். இடையில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் முன்பு இருந்த மஹிந்திரா ஜீப்பில் டீசல், ஆயில் அழுத்தம், வெப்பநிலை, ஆம்பியர் என்று நான்கு சிறிய மீட்டர்கள் இருந்தன. முள் வழக்கமாக நிற்கும் இடத்தைவிட ஒரு நூல் ஏறினாலும் என் தந்தையார் வண்டியை நிறுத்திவிட்டு, பானட்டைத் திறந்து காரணத்தைத் தேடுவார். இன்றும் எங்கள் டிராக்டரில் அந்த முள் இருக்கிறது. அதைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய காரில் ஏன் இல்லை என்பதே என் ஆற்றாமை. வெளியிலிருந்து ஒரு மீட்டர் வாங்கிப் பொருத்த வழியுண்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கும்பகோணம், பணிமனை நடத்துபவர்)

ஐயா, தங்கள் தந்தையாரின் பழக்கம் இன்றைக்கும் சரியானதே. சிவப்பு விளக்கு எந்த வெப்பநிலையில் எரிய வேண்டும் என்பதை நிறுவனம் முன்கூட்டியே வரையறுத்து வைத்துவிடுகிறது. அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. தங்கள் காரில் பதர் சேரச் சேர வெப்பநிலை சில நாட்களாகவே சிறிது சிறிதாக ஏறியிருக்கும். முள் இருந்திருந்தால் அந்த ஏற்றத்தைக் கண்டிருப்பீர்கள். ஆயில் விளக்கிலும் இதே குறை உண்டு. சூடான எஞ்சின் ஓட்டத்தில் ஆயில் இரண்டு முதல் நான்கு பார் (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தம் காட்டும். விளக்கோ பெரும்பாலும் அரை பாருக்கும் கீழே இறங்கிய பிறகுதான் எரிகிறது. அதற்குள் பேரிங் தேய்ந்திருக்கும்.

ஆனால் முள் உள்ள கார்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வாடிக்கையாளர்கள் சிறிய அசைவுக்கும் அஞ்சிப் பணிமனைக்கு வருவதைத் தவிர்க்க, ஏறக்குறைய 75 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி பல நிறுவனங்கள் அமைத்துவிட்டன. இன்னொரு முக்கியமான செய்தி: கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) முழுவதும் வடிந்துவிட்டால் சென்சார் நீரில் மூழ்காமல் காற்றில் நிற்கும், அப்போது முள்ளும் விளக்கும் உண்மையான சூட்டைக் காட்டாமல் போகலாம். ஆகவே வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் டப்பாவின் அளவைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அறுவடைக் காலத்தில் ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மிதமான அழுத்தத்தில் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து வேகமாக அடித்தால் பதர் இன்னும் உள்ளே இறுகும். மெல்லிய தகடுகளும் மடங்கும்.

மறுமொழி 2 (திருவாரூர், வாகன மின்னணுவியல் கற்பிப்பவர்)

மின்னணுச் சாதனங்களையே குற்றம் சொல்வது நியாயமாகாது என்று கருதுகிறேன். இன்றைய எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி வெப்பநிலையை ஒவ்வொரு நொடியும் அறிந்து, விசிறியை இயக்குகிறது. சூடு மிஞ்சும்போது பல கார்களில் ஏசி கம்ப்ரசரை நிறுத்துகிறது, எஞ்சினின் திறனையும் குறைக்கிறது. வெயிலில் செல்லும்போது ஏசி காரணமின்றிக் குளிர்ச்சியை இழந்தால், அதை ஒரு முன்னறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் வருத்தம் தருவது வேறொன்று. அளவு துல்லியமாகக் கணினியிடம் இருந்தும், பணம் கொடுத்து வாங்கியவருக்கு அது காட்டப்படுவதில்லை. பி.எம்.டபிள்யூ போன்ற நிறுவனங்கள் 2000-களிலேயே பல எஞ்சின்களில் ஆயில் அளக்கும் குச்சியை நீக்கிவிட்டுத் திரையில் மட்டும் அளவைக் காட்டத் தொடங்கின. அங்கே எண்ணெயின் நிறத்தையும் பிசுக்கையும் விரலால் தொட்டுப் பார்க்கும் வழியே அடைபட்டது.

தங்கள் கேள்விக்கு எளிய விடை உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கணினியிலிருந்து தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி என்னும் 16 முனை இணைப்பு இருக்கும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்னும் புகை வெளியேற்ற விதிக்கு உட்பட்ட கார்கள் அனைத்திலும் அது உண்டு. அதில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகினால், கூலன்ட்டின் வெப்பநிலையையும் பேட்டரியின் வோல்ட்டையும் கைபேசியில் எண்ணாகவே காணலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வோல்ட் காட்டினால், பொதுவாக, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள். பழைய ஆம்பியர் மீட்டரின் வேலையை இது செய்துவிடும். வண்டியைப் பல நாட்கள் நிறுத்தி வைக்கும்போது மட்டும் கருவியைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் பேட்டரி இறங்கிவிடும். குழாயை வெட்டித் தனி மீட்டர் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், உத்தரவாதம் பாதிக்கப்படலாம்.

மறுமொழி 3 (வேதாரண்யம் பக்கத்திலிருந்து)

மீட்டரோடு சேர்த்து ஸ்டெப்னியையும் பேச வேண்டும். டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருட்களும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. கருவேல முள் குத்திய ஓட்டையை அந்தத் திரவம் அடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் மழைக்காலத்தில் நீர் நிற்கும் எங்கள் சாலைகளில், உடைந்த விளிம்பில் மோதி டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. எனக்கு அப்படி நேர்ந்து, இரவு முழுவதும் குடும்பத்தோடு சாலையோரம் காத்திருந்தேன். மேலும், அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வந்து பானட்டுக்குள் புகுந்து ஒயர்களைக் கடித்துவிடுகின்றன. அப்படி மின்சாரம் கெட்டாலும், பேட்டரி செத்தாலும், கம்பியால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் வேலை செய்யும். பொத்தான் பிரேக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கார் வாங்கப் போகிறவர்கள் திரையின் அளவைப் பார்ப்பதற்கு முன் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. ஓபிடி கருவியை வாங்கிப் பொருத்தி மூன்று வாரங்களாகக் கவனித்து வருகிறேன். திறந்த சாலையில் 88 முதல் 93 டிகிரி வரை காட்டுகிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நெடுநேரம் ஏசியோடு நின்றபோது 99 வரை ஏறியது. விசிறி சுழலத் தொடங்கியதும் 94-க்கு இறங்கியது. என் காரின் இயல்பான அளவு எது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இந்த எண்ணைத் திரையிலேயே காட்டும் வசதியை மென்பொருள் மாற்றத்தின் மூலம் தரும்படி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.