தம்பி அனுப்பிய வன்தட்டிலுள்ள பழைய குடும்பப் படங்கள் தொலைக்காட்சியில் திறக்கவில்லை: உதவி தேவை

கோண்டாவில் மகள் கேட்கிறார்:

வணக்கம். ரொறன்ரோவில் வசிக்கும் என் தம்பி, ஏறத்தாழ இரண்டாயிரம் படங்களை ஒரு வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) இட்டு, விடுமுறைக்கு இங்கு வந்த உறவினரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். அவற்றிற் பெரும்பாலானவை, முன்னொரு காலத்தில் நாங்கள் கடிதங்களோடு வைத்து வெளிநாட்டு உறவினர்களுக்கு அனுப்பிய படங்கள். அவற்றை வீடு வீடாகச் சென்று வாங்கி ஸ்கான் செய்திருக்கிறான். 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது எங்கள் அல்பங்கள் வீட்டோடு நின்றுவிட்டன. மறு ஆண்டு திரும்பி வந்தபோது ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. அப்பாவின் இளமைக்கால முகம் எங்களுக்கு இந்த வன்தட்டில் மட்டுமே இருக்கிறது.

அம்மாவுக்கு 78 வயது. கண்புரைச் சத்திரசிகிச்சை செய்த பின்னரும் கைத்தொலைபேசியில் முகங்களை அடையாளம் காண முயன்று களைத்துவிடுகிறார். அதனால் வீட்டிலுள்ள 43 அங்குலத் தொலைக்காட்சியிற் காட்ட விரும்புகிறேன். அது இணைய வசதி இல்லாதது. யூஎஸ்பி துளையும் எச்டிஎம்ஐ துளையும் இருக்கின்றன. வன்தட்டைச் செருகினால் விளக்கு மின்னி, உள்ளே 'டிக் டிக்' என்ற ஒலி எழுகிறதே தவிர, திரையில் எதுவும் தோன்றுவதில்லை. மகனின் மடிக்கணினியில் அதே வன்தட்டு நன்றாகத் திறக்கிறது. சில படங்களைப் பென் டிரைவில் மாற்றிப் பார்த்தேன். அவற்றிற் பாதி தெரிகின்றன. மீதி 'ஆதரிக்கப்படாத கோப்பு' என்று வருகின்றன. தெரிபவற்றிலும் சில பக்கவாட்டாகச் சாய்ந்து கிடக்கின்றன, ஒழுங்கும் குழம்பியிருக்கிறது. இம்மாத இறுதியில் அப்பாவின் ஆண்டுத் திவசம். உறவினர்கள் கூடும் அன்றைக்கு முன் இதைச் சரிசெய்ய முடியுமா?

லண்டனிலிருந்து ஒருவர்:

அக்கா, எல்லாவற்றையும் கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டு, குரோம்காஸ்ட் போன்ற, இணையம் வழி தொலைக்காட்சியிற் படம் காட்டும் சாதனம் ஒன்றை வாங்கி எச்டிஎம்ஐ துளையிற் செருகினால், கைத்தொலைபேசியிலிருந்தே படங்களைத் தொலைக்காட்சிக்கு அனுப்பலாம்.

கோண்டாவில் மகள்:

நன்றி தம்பி. வீட்டில் கைத்தொலைபேசி டேட்டாவைத் தவிர வேறு இணைய இணைப்பு இல்லை. இத்தனை படங்களையும் அதில் ஏற்றுவது இந்த மாதத்துக்குள் முடியாத காரியம்.

சுன்னாகத்திலிருந்து, கணினி திருத்துபவர்:

அக்கா, முதலில் அந்த வன்தட்டைத் தொலைக்காட்சியிற் செருகுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 'டிக் டிக்' ஒலி பெரும்பாலும் மின்சாரம் போதாமையால் வருவது. யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி அம்பியர். உள்ளே தட்டுச் சுழலும் வன்தட்டு, சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகம் கேட்கும். கிடைக்காதபோது அது தொடங்குவதும் நிற்பதுமாகத் திணறுகிறது. அப்படியே பலமுறை திணறினால் நல்ல வன்தட்டும் பழுதாகலாம். இன்னோர் ஆபத்தும் உண்டு. சில தொலைக்காட்சிகள், தமக்குப் புரியாத வன்தட்டைக் கண்டால், நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதற்காக அதை 'ஃபோர்மட்' செய்யலாமா என்று கேட்கும். அவசரத்தில் யாராவது 'ஆம்' என்பதை அழுத்திவிட்டால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும். இந்தப் படங்கள் ஏற்கனவே ஒருமுறை தொலைந்து மீண்டவை. ஆகவே, வேறு எதைச் செய்வதற்கு முன்னும், வன்தட்டிலுள்ள அனைத்தையும் மடிக்கணினியிற் பிரதி எடுங்கள். தம்பியிடமும் ஒரு பிரதி இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, தொலைக்காட்சிக்கென்று தனியாக ஒரு தொகுதி தயாரிக்க வேண்டும். மூலப்படங்களில் கை வைக்கவே கூடாது. திறக்காத கோப்புகளின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஸ்கான் செய்தவை 'டிஃப்' (.tif) வகையாக இருக்கலாம். அண்மையில் ஐஃபோனில் எடுத்தவை, 2017இல் வந்த ஐஓஎஸ் 11 என்ற ஐஃபோன் இயங்குதளம் முதல் வழக்கமான 'ஹெய்க்' (.heic) வகையாக இருக்கலாம். பழைய தொலைக்காட்சிகள் பெரும்பாலும் ஜேபெக் (.jpg) ஒன்றையே நம்பகமாகத் திறக்கும். அந்த ஜேபெக்கும், இணையத்துக்காகப் படிப்படியாகத் தெளிவடையும்படி சேமித்த 'புரோகிரசிவ்' வகையாக இருந்தால் சில தொலைக்காட்சிகளில் திறக்காது.

இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருளை அதன் பிளக்இன்களோடு (கூடுதல் கோப்பு வகைகளைத் திறக்க உதவும் இணைப்புகள்) மடிக்கணினியில் நிறுவுங்கள். அதைத் திறந்து, விசைப்பலகையில் 'பி' எழுத்தை அழுத்தினால், பல படங்களை ஒரே நேரத்தில் மாற்றும் பெட்டி வரும். வெளியீட்டை ஜேபெக் என்று வையுங்கள். புரோகிரசிவ் என்ற தெரிவில் அடையாளம் இருந்தால் நீக்கிவிடுங்கள். அளவை 1920×1080 என்ற சட்டத்துக்குள் அடங்கும்படி குறைத்தாற் போதும், ஏனெனில் முழு எச்டி திரை காட்டக்கூடியது அவ்வளவே. சிறிய படங்களைப் பெரிதாக்க வேண்டாம். இப்படி மாற்றினால் இரண்டாயிரம் படங்களும் ஓர் 8 ஜிபி பென் டிரைவில் தாராளமாக அடங்கும். பென் டிரைவ், பெரும்பாலான தொலைக்காட்சிகளுக்குப் புரியும் 'ஃபாட்32' (FAT32) முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருப்பது நல்லது.

படங்கள் சாய்ந்து கிடப்பதற்குக் காரணம் வேறு. கைத்தொலைபேசி, படத்தைத் திருப்பாமல், 'இதை நிமிர்த்திக் காட்டுக' என்ற குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதுகிறது. கணினி அதைப் படிக்கிறது; உங்கள் தொலைக்காட்சி படிப்பதில்லை. இர்ஃபான்வியூவில் அந்தக் குறிப்பின்படி தானாகத் திருப்பும் தெரிவு இயங்கினால், மாற்றும்போதே படங்கள் உண்மையாக நிமிர்ந்துவிடும்.

குழம்பிய ஒழுங்கைக் கணினியால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. ஸ்கான் செய்த கோப்பிலுள்ள திகதி ஸ்கான் செய்த நாளே அன்றி, படம் எடுத்த நாள் அன்று. ஆகவே 1968, 1975 என்று ஆண்டுக்கொரு கோப்புறை திறந்து, படங்களுக்கு 001, 002 என இலக்கமிடுங்கள். பெயர்களைத் தமிழில் இட்டால் பழைய தொலைக்காட்சிகள் சிலவற்றில் வெறுங்கட்டங்களாகத் தெரியும், இலக்கங்களே பாதுகாப்பானவை.

யாழ்ப்பாணத்திலிருந்து, முன்பு ஸ்டூடியோ நடத்தியவர்:

பிள்ளை, சுன்னாகத்துத் தம்பி சொன்னவை யாவும் சரியானவை. நான் இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். அந்தக் காலத்துப் படங்களின் பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரையோ, அனுப்பியவரின் கையெழுத்தோ, திகதியோ பெரும்பாலும் இருக்கும். உங்கள் தம்பி முன்பக்கத்தை மட்டும் ஸ்கான் செய்திருந்தால், பின்பக்கங்களையும் எடுத்தனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அன்றி ஆவணமாக அனுப்பட்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, மங்கிய பென்சில் எழுத்துகள் வாசிக்க முடியாமற் போய்விடும்.

மற்றது நிறம். கடையிற் கண்ணைக் கவர்வதற்கான 'விவிட்' என்ற நிலையிலேயே பல வீடுகளில் தொலைக்காட்சி ஓடுகிறது. அதிற் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பாய்ந்து, முகங்கள் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். படநிலையை 'மூவி' என்றோ 'சினிமா' என்றோ மாற்றி, நிறவெப்பத்தை 'வோர்ம்' (மஞ்சள் சாயல்) பக்கம் வையுங்கள். நாங்கள் இருட்டறையிற் கழுவி எடுத்த படத்தின் சாயலுக்கு அதுவே கிட்ட வரும். படங்கள் தாமாக மாறும்படி விட வேண்டாம். அம்மா ஒரு முகத்திற் தரித்து நிற்க விரும்புவா. ரிமோட்டை அவவின் கையிலேயே கொடுங்கள்.

கோண்டாவில் மகள்:

ஐந்து நாட்களுக்குப் பின் எழுதுகிறேன். வன்தட்டை முழுதாகப் பிரதி எடுத்துவிட்டோம். தம்பியிடம் வேறு பிரதி இருக்கவில்லை என்பது கேட்ட பின்னரே தெரிந்தது; நீங்கள் நிறுத்தச் சொல்லியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. திறக்காத படங்கள் எல்லாம் டிஃப் வகைதான். மாற்றியபின் பென் டிரைவிலிருந்து நன்றாகத் தெரிகின்றன. அம்மா சொல்லச் சொல்ல, மகன் மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயரால் தொலைக்காட்சியோடு இணைத்து ஆண்டுவாரியாக அடுக்குகிறான். ஆனால் அவ்வாறு இணைக்கும்போது எல்லாப் படங்களிலும் மேலும் கீழும் சிறிது வெட்டுப்படுகிறது. குழுப்படங்களிற் பின்வரிசையில் நிற்பவர்களின் நெற்றி தெரிவதில்லை.

சுன்னாகத்திலிருந்து, கணினி திருத்துபவர்:

அது 'ஓவர்ஸ்கான்', அக்கா. பழைய குழாய்த் தொலைக்காட்சிகளின் காலத்தில், ஒளிபரப்பின் ஓரங்களை மறைப்பதற்காகப் படத்தைச் சற்றுப் பெருப்பிக்கும் வழக்கம் இருந்தது. எச்டிஎம்ஐ வழி வரும் படத்துக்கும் பல தொலைக்காட்சிகள் அதையே இன்னமும் செய்கின்றன. படத்தின் அளவை மாற்றும் தெரிவில் '16:9' என்று இருப்பதை 'ஸ்கிறீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கான்' போன்ற ஒன்றுக்கு மாற்றுங்கள். பெயர் தொலைக்காட்சிக்குத் தொலைக்காட்சி வேறுபடும். அப்படி ஒன்று இல்லாவிட்டால், அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்குப் 'பிசி' என்று பெயரிட்டுப் பாருங்கள். சில தொலைக்காட்சிகளில் அதனாலேயே சரியாகிவிடும்.

கோண்டாவில் மகள்:

'ஸ்கிறீன் ஃபிட்' என்ற தெரிவு இருந்தது; சரியாகிவிட்டது. அப்பா தன் வகுப்பு மாணவர்களோடு நிற்கும் படத்தை அம்மா 1973 என்று சொல்லி, நாங்கள் அந்தக் கோப்புறையில் வைத்திருந்தோம். வெட்டுப்பட்டிருந்த கீழ் ஓரம் இப்போது தெரிகிறது. அங்கே வெள்ளை மையில் 1971 என்று எழுதியிருக்கிறது. அது அவர்களுடைய திருமணத்துக்கு முந்திய ஆண்டு. அம்மா எழுந்து திரைக்கு அருகிற் சென்று அதை வாசித்தார். படத்தை 1971க்கு மாற்றிவிட்டோம். இரண்டாவது பென் டிரைவில் முழுத் தொகுதியையும் இட்டு, அடுத்த வாரம் திரும்பிச் செல்லும் உறவினரிடம் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறேன்.