எம்.யூ.எஃப் (கணக்கில் வராத அணுப்பொருள்) வருடாவருடம் ஒரே பக்கம் சாய்கிறது: தர மேலாண்மை உதவுமா, பக்கத்து நாடு உதவுமா?

தராசுமுனை:
வணக்கம். வெளியிலிருந்து யுரேனியம் டை ஆக்சைடு தூள் வாங்கி (யுரேனியம்-235 செறிவு சுமார் 4%) அணு உலை எரிபொருள் தயாரிக்கும் ஆலையின் சேஃப்கார்ட்ஸ் கணக்கு, அதாவது அணுப்பொருள் ஆயுதத்துக்குத் திருப்பப்படவில்லை என்று காட்டும் கணக்கு. தொடக்க இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் செலவு, கழித்தல் முடிவு இருப்பு: இந்த எம்.யூ.எஃப் எப்போதும் 3 சிக்மாவுக்குள்தான் (அளவீட்டுப் பிழையின் திட்டவிலக்கத்தில் மூன்று மடங்குக்குள்) நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு வருடமும் பற்றாக்குறையாகவே வருகிறது. வரம்புக்குள் இருப்பதால் விட்டுவிடலாமா? ஐ.எஸ்.ஓ 9001 தர மேலாண்மைச் சான்றிதழ் வாங்கினால் சரியாகுமா? அர்ஜென்டினாவும் பிரேசிலும் ஒன்றின் அணுப்பொருள் கணக்கை மற்றொன்று சரிபார்க்க வைத்திருக்கும் ஏபிஏசிசி அமைப்பு மாதிரி வட்டார ஏற்பாட்டால் ஆலைக்கு என்ன லாபம்?

கலன்30:
விடக்கூடாது. தற்செயல் பிழை என்றால் ஒரு வருடம் கூடும், மறுவருடம் குறையும். ஒரே திசை என்றால் அளவீட்டில் நிலையான பிழை இருக்கிறது, இல்லை பொருள் உண்மையிலேயே எங்கோ போகிறது. எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வரை அந்தக் கணக்கை நம்ப முடியாது.

முதலில் தூளின் யுரேனிய விகிதத்தைப் பாருங்கள். சுத்தமான டை ஆக்சைடில் யுரேனியம் சுமார் 88.1%. தூள் ஈரத்தை இழுக்கும், காற்றிலிருந்து ஆக்சிஜனையும் ஏற்கும். எடை ஏறும், யுரேனியம் ஏறாது. அனுப்பியவர் தந்த 0.879 என்ற எண்ணை அப்படியே எழுதி, கைக்கு வந்தது 0.878 என்றால், 20 டன் தூளில் 20 கிலோ யுரேனியம் வெறும் காகிதத்தில் வரவாகிவிடும். யுரேனியம்-235 கணக்கில் 0.8 கிலோ. குறைசெறிவு யுரேனியத்துக்கு சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் குறிப்பளவு (ஒரு அணுகுண்டு செய்யும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாத அளவு) 75 கிலோ என்பதால் இது சிறியதுதான், ஆனால் வருடாவருடம் சேரும்.

எஸ்ஆர்டி_வரைபடம்:
மேலே சொன்னதோடு ஒன்று: 3 சிக்மா என்ற வரம்பே வீங்கியிருக்கலாம். யுரேனிய எரிபொருள் ஆலைக்கு முகமை எதிர்பார்க்கும் அளவீட்டு நிச்சயமின்மை 0.3%; 20 டன் யுரேனியத்துக்கு 60 கிலோ. தனியாகச் சேர்த்து வைத்த ஸ்கிராப்புக்கு 4%. அதாவது மூலையில் கிடக்கும் ஒரு டன் ஸ்கிராப்பே 40 கிலோ நிச்சயமின்மையைக் கொண்டுவருகிறது. இருப்பெடுப்புக்கு முன்பே அதைக் கரைத்து, மாதிரி எடுத்து, அளந்து முடியுங்கள். ஃபில்டர், குழாய், கிரைண்டர் கசடு எல்லாவற்றையும் வழித்தெடுங்கள். எண்ணி முடிக்கும்வரை ஒரு டப்பாகூட நகரக்கூடாது.

சான்றிதழ் தராசைத் திருத்தாது. தினமும் எடை போடும் முன் சரிபார்ப்பு எடைக்கல் வைத்து, அளவைக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் குறித்து, கோடு தாண்டினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் ஆபரேட்டருக்கே இருந்தால் அதுதான் தர மேலாண்மை. திருத்த நடவடிக்கைப் படிவத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். காரணம் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ரியோ_வாசகர்:
ஏபிஏசிசி 1991இல் தொடங்கியது, தலைமையகம் ரியோ டி ஜெனிரோ. பிரேசில் ஆய்வாளர்கள் அர்ஜென்டினா ஆலைக்குப் போவார்கள், அர்ஜென்டினா ஆய்வாளர்கள் பிரேசில் ஆலைக்கு வருவார்கள். இதே வேலை தெரிந்தவர் கேட்கும் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சர்வதேச அணுசக்தி முகமையோடு கருவிகளைப் பகிரலாம். முடிவை மட்டும் முகமை தானே சுயேச்சையாக எடுக்கும்.

செறிவூட்டும் ஆலைகளுக்கு அவர்கள் தந்த ஏபிஏசிசி–கிறிஸ்டலினி முறை நல்ல உதாரணம். பரிசோதனைக்கு எடுத்த யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை லேபுக்கு அப்படியே அனுப்பாமல் அலுமினா உருண்டைகளில் படியவிட்டு, யுரேனைல் ஃபுளோரைடாக மாற்றி எடுத்துப்போவார்கள். அபாயமான வாயு பயணம் செய்வதில்லை.

ஆசிய–பசிபிக்கில் 2009 முதல் ஏபிஎஸ்என் என்ற சேஃப்கார்ட்ஸ் வலையமைப்பு உண்டு, ஆனால் அது ஆய்வு நடத்தாது. ஒரே தூள் மாதிரியை இரண்டு நாட்டு லேப்களுக்கு அனுப்பி ஒப்பிட ஏற்பாடு செய்ய முடிந்தால் உங்கள் 0.001 வித்தியாசம் யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

தராசுமுனை:
நன்றி. எதில் தொடங்குவது?

எஸ்ஆர்டி_வரைபடம்:
அனுப்பியவர் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை லாட் வாரியாக, அனுப்பிய நிறுவனம் வாரியாக வரைபடமாக்குங்கள். ஒரே நிறுவனத்தின் லாட்டுகள் மட்டும் சாய்ந்தால் அவர்களோடு பேசுங்கள்; எல்லாமே சாய்ந்தால் உங்கள் தராசும் லேபும்.