9 பின் (ஊசி) பிரிண்டரில் ₹ வர வைத்தவர்கள், வராமல் போனவர்கள்: அனுபவம் சொல்லுங்கள்

ரிப்பன்பெட்டி:
எப்சன் எல்எக்ஸ் வகை, மருந்துக்கடை பில். ‘@’ இடத்தில் ₹ வர வேண்டும். ‘@’ அப்படியே வந்தது. போதாததற்கு ஒவ்வொரு பில்லின் தலையிலும் ஒற்றை ‘%’ வேறு. ₹-ஐ 11 நெடுவரிசைப் புள்ளிகளாக வரைந்து, நெடுவரிசைக்கு ஒரு எண் (பைட்) வீதம் அனுப்ப வேண்டும். கட்டளை எல்லாம் சரி. கடைசி நெடுவரிசை வெற்று, அதை எதற்கு எழுதுவது என்று ஒரு 0-ஐ விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். 11 பைட் வரும்வரை பிரிண்டர் காத்திருக்கும். 10 மட்டும் வந்ததால் அடுத்த கட்டளையான 27 37 1-இல் (வரைந்த எழுத்துக்கு மாறச் சொல்வது) இருந்த 27-ஐ பதினொன்றாவது நெடுவரிசையாக விழுங்கிவிட்டது. தனியாக நின்ற 37 ‘%’ ஆக அச்சானது.

சரியான வரிசை இது:
27 120 0 (டிராஃப்ட், அதாவது வேகமாக அடிக்கும் முறை)
27 58 0 0 0 (பிரிண்டரின் நிலையான நினைவகமான ரோமில் உள்ள எழுத்துகளை, மாற்றி எழுதக்கூடிய ராமுக்கு நகலெடுக்க)
27 38 0 64 64 139 168 0 168 0 172 80 162 0 160 0 0
27 37 1

139 என்பது 128 + 11. 128 இருந்தால் மேல் 8 ஊசிகள், 11 என்பது கடைசி நெடுவரிசை. மேல் ஊசி 128, அதற்குக் கீழே 64, 32 என்று இறங்கி 1 வரை. முதல் நெடுவரிசை 168, அதாவது 128 + 32 + 8: மேல்கோடு, நடுக்கோடு, வளைவின் அடி.

கவுன்டர்பில்:
மேலே உள்ள எண்களில் 0 ஏன் இடையிடையே வருகிறது என்று புரியாமல், கோடு முழுசாக வரட்டும் என்று எல்லா நெடுவரிசையிலும் 160 சேர்த்த ஒரு கோப்பைத் திருத்த வேண்டி வந்தது. அப்படிச் செய்யவே கூடாது. டிராஃப்டில் ஒரே ஊசி அடுத்தடுத்த இரண்டு நெடுவரிசையில் அடிக்க முடியாது. அடித்த ஊசி உள்ளே திரும்ப நேரம் வேண்டும். 172-க்கு அடுத்து 80, அதற்கு அடுத்து 162: மூன்றையும் பிட் பிட்டாக எழுதிப் பாருங்கள், பக்கத்து இரண்டில் ஒரே ஊசி வராது. வளைவு அப்படித்தான் வழுக்கி இறங்குகிறது. உதயகுமார் வடிவமைத்த அந்த ₹ குறியை 11 நெடுவரிசைக்குள் அழகு கெடாமல் கொண்டுவர இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றுபடிக்காகிதம்:
இவ்வளவு பாடு எதற்கு? எழுத்தாக இல்லாமல் கிராஃபிக்ஸாகவே (படமாகவே) அனுப்பலாமே.
27 76 12 0 168 0 168 0 172 80 162 0 160 0 0 0
அங்குலத்துக்கு 120 புள்ளி, 12 நெடுவரிசை. 10 சிபிஐ (அங்குலத்துக்கு 10 எழுத்து) எழுத்தின் அகலம் அச்சாக அதேதான். ராம் வேண்டாம், நகல் வேண்டாம், ‘@’ஐயும் இழக்க வேண்டாம்.

ரிப்பன்பெட்டி:
10 சிபிஐயில் மட்டும் அது சரி. ஜிஎஸ்டி பில்லில் பாதி வரிகள் 15 அனுப்பிச் சுருக்கி அடிப்பவை. எழுத்து சுருங்கும், கிராஃபிக்ஸ் சுருங்காது. ₹ வந்த வரியில் மட்டும் தொகை வலப்பக்கம் தள்ளி நிற்கும். தடித்த எழுத்துக்கு 27 69 கொடுத்தாலும் கிராஃபிக்ஸ் மெலிதாகவே இருக்கும். சொந்த எழுத்தாக வரையறுத்தால் இரண்டுக்கும் அது கூடவே வரும்.

பழையகேபிள்:
இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. பிரிண்டர் ஐபிஎம் கட்டளை முறையில் இருந்தால் எழுத்தை வரையறுக்கும் 27 38 வேலைக்கே ஆகாது, எப்சனின் எஸ்கேப்-பி முறைக்கு மாற்றுங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் ஒரு டிப் சுவிட்ச் (பிரிண்டரில் உள்ள சிறு அமைப்புச் சுவிட்ச்), அதே ராமை டேட்டா பஃபருக்கா (வரும் தரவைத் தேக்கி வைக்கவா) சொந்த எழுத்துக்கா என்று தீர்மானிக்கும். பஃபரில் வைத்திருந்தால் எவ்வளவு சரியாக அனுப்பினாலும் ‘@’தான் வரும். சுவிட்சை மாற்றியபின் பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும். அணைத்தால் ராமில் இருப்பது போய்விடும், பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் 27 64 வந்தாலும் பழைய எழுத்துக்குத் திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு பில்லிலும் 27 64-க்குப் பிறகு முழு வரிசையையும் அனுப்புங்கள், முப்பது பைட்கூட இல்லை. நகல் கட்டளையை வரையறைக்குப் பின்னால் போடாதீர்கள், வரைந்ததை அது அழித்துவிடும். 24 பின் வைத்திருப்பவர்கள் இந்த எண்களைத் தொடவே வேண்டாம். அங்கே நெடுவரிசைக்கு 3 பைட், 139-க்குப் பதில் இடது வெளி, அகலம், வலது வெளி என மூன்று எண்கள்.

இனி என் விஷயம். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ‘காப்பி’ கட்டளை கொடுத்து பிரிண்டருக்கு அனுப்பிய ஒரு கோப்பு. வேறு மாதிரி வரைந்த ₹, அதில் ஒரு நெடுவரிசை 26. 16 + 8 + 2, அதில் தப்பே இல்லை. ஆனால் ‘/பி’ போடாவிட்டால் டாஸுக்கு 26 என்றால் கோப்பு முடிந்தது. மீதி நெடுவரிசைகளுக்காக பிரிண்டர் சும்மா காத்துக்கொண்டிருந்தது. அடுத்த பில் வந்ததும் கடைப் பெயரின் முதல் சில எழுத்துகளை எடுத்து ₹-இன் வலப்பக்கத்தை நிரப்பிக்கொண்டது.