பத்தியச் சோறும் பிள்ளையின் அழுகையும்

ரங்கூன், இரண்டு பிள்ளைகளின் தாய்:

இந்தக் குழுவில் தாய்ப்பால் பற்றி எல்லோரும் எழுதுவதைப் பார்த்ததும் என் மூத்தவனுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிள்ளை பெறப்போகிறவர்கள் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு பெகுவில் மாமியார் வீட்டில் இருந்தேன். 45 நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. பர்மியர் வீடுகளிலும் இதே கணக்குதான். மூன்று வேளையும் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, மிளகு ரசம், சுட்ட கருவாடு, பூண்டு. பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, முட்டை சூடு என்று மற்றதெல்லாம் விலக்கு. அரிசியை நாலு தண்ணீர் கழுவி, வடித்த கஞ்சியையும் கொட்டிவிடுவார்கள். அத்தை ஒவ்வொன்றையும் என் நன்மைக்கென்றே செய்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 45 நாள் முடிந்தும் அதே சாப்பாடு தொடர்ந்தது.

பாலுக்குக் குறைவில்லை. பிள்ளையும் கொழுகொழுவென்று இருந்தான். மூன்றாம் மாதம் பிறந்ததும் அவன் அழுகை மாறிவிட்டது. வாயைத் திறக்கிறான், முகம் சிவக்கிறது, சத்தம் வரவில்லை. கரகரவென்று காற்றுதான் வந்தது. இரண்டு வாய் சப்பிவிட்டு விட்டுவிடுவான், குடித்ததையும் கக்குவான். “தொண்டை கட்டியிருக்கும்மா” என்று அத்தை வசம்பு உரசினார். கிளினிக்கில் சளி என்று சிரப் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, அடுத்த வீட்டு பர்மிய மருத்துவச்சி (சயாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்) அந்த அழுகையைக் கேட்டு உள்ளே வந்தார். வந்ததும் என்னைத்தான் கேட்டார்: “நீ என்ன சாப்பிடுற? கால் மரத்துப் போகுதா?” பத்து நாளாக என் பாதம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம்தான் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். “இப்பவே கிளம்பு” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். வந்திருந்தது பெரிபெரி, அந்தச் சத்து குறைவதால் வரும் நோய். அரிசியைத் தீட்டும்போது பி1 சத்து தவிட்டோடு போய்விடுகிறது. மிச்சம் கழுவின தண்ணீரிலும் கஞ்சியிலும் போகிறது. தாய்க்கு இல்லாத பி1 பாலில் எங்கிருந்து வரும்? எவ்வளவு பால் குடித்தாலும் பிள்ளையின் இதயம் தளர்ந்துகொண்டே போகும். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அன்று சாயங்காலமே மூச்சு சீரானது, ராத்திரி பால் குடித்தான். குரல் முழுதாகத் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

“பாலை நிறுத்திடணுமா டாக்டர்?” என்று அழுதுகொண்டே கேட்டேன். வேண்டாம், நீங்கள் மாத்திரை போடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், பால் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார்.

மௌல்மேன், ஏழு மாதக் குழந்தையின் தாய்:

படிக்கும்போதே நெஞ்சு அடைத்தது அக்கா. எனக்குக் கடைசி மாதத்திலிருந்தே நர்ஸ் பி1 மாத்திரை கொடுத்தார். எதற்கு என்று இன்றைக்குத்தான் புரிகிறது. நான் கற்றுக்கொண்டது வேறு ஒன்று. அழுதால்தான் பசி என்று நினைத்திருந்தேன். அழுகை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே தலையைத் திருப்பித் தேடும், கையை வாயில் வைக்கும், உதட்டைச் சப்பும். அப்போதே மார்பில் போட்டால் நிதானமாகக் குடிக்கிறாள். கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு ஆறு துணிக்கு மேல் நனைந்தால் பால் போதுகிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். துணி துவைக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

தட்டோன், பேரப்பிள்ளைகள் உள்ளவர்:

மகளே, எங்கள் அப்பாயி சாகும்வரை புழுங்கலரிசியைத்தான் வாங்கச் சொல்வார். நாங்கள்தான் வெள்ளை அரிசிக்கு மாறினோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுமாம். பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் கவனித்ததும் இதைத்தான். தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் விழுந்தார்கள். புழுங்கல் தின்ற நம் தமிழ்க் கூலிகளுக்கு அது அரிதாகவே வந்தது. பத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூண்டும் பால்சுறாவும் நல்லதுதான். பயற்றையும் கீரையையும் விலக்கியது யார் என்றுதான் தெரியவில்லை.

ரங்கூன், இரண்டு பிள்ளைகளின் தாய்:

நன்றி ஐயா. சின்னவள் பிறந்தபோது அத்தையே பச்சைப்பயறு அவித்துக் கொடுத்தார். காலையில் தெருவில் விற்று வரும் பெப்யோவையும் (பர்மிய அவித்த பயறு) நிறுத்தி வாங்குவார். கஞ்சியைக் கொட்டுவதில்லை, உப்புப் போட்டு எனக்குத் தருவார். ராத்திரி சின்னவள் வீறிட்டால், பால் கொடுக்க நான் எழுவதற்குள் அத்தை எழுந்து தொட்டில் பக்கத்தில் நிற்பார். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுப்பார்.