சான் பிரான்சிஸ்கோ: உரிமைப் போராட்டம் பார் மேடையில் தொடங்கியதா, நீதிமன்றத்திலா?

நெய்தல்

அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர் இயக்கம் பற்றிய முந்தைய திரியில் வழக்காடி ஐயா ஒரு வரி எழுதியிருந்தார்: "டிராக் கலைஞர்கள் வேடிக்கை காட்டினார்கள், உரிமை வாங்கித் தந்தவர்கள் கோட் போட்டவர்கள்." டிராக் என்றால் ஆண்கள் பெண் வேடம் போட்டு நடத்தும் மேடை நிகழ்ச்சி. அந்த வரிக்கு என் பதில் நீண்டுவிட்டதால் தனித் திரியாகத் தொடங்குகிறேன்.

ஸ்டோன்வாலை விட்டுவிடுவோம். 1969இல் நியூயார்க்கில் அந்தப் பெயர் கொண்ட பாரில் போலீஸ் சோதனையை எதிர்த்து நடந்த கலவரத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னால், 1961இல், சான் பிரான்சிஸ்கோ நகர அவைத் தேர்தலில் ஹோசே சாரியா என்பவர் நின்றார். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமல் அமெரிக்காவில் ஒரு பொதுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் ஆள் அவர்தான். மான்ட்கோமரி தெருவில் பிளாக் கேட் என்ற பாரில் பரிமாறுபவராக இருந்து, பெண் வேடம் போட்டுப் பாடும் கலைஞராக வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர், ஆசிரியராக வேண்டும் என்று நினைத்தவர். ஒரு ஹோட்டலில் போலீஸ் பிடித்துப் போட்ட வழக்கு அந்தக் கதவை அடைத்துவிட்டது.

ஞாயிறு மதியங்களில் அவர் ஓபராக்களைப் பகடி செய்வார். கார்மென் கதையைத் தூக்கி யூனியன் சதுக்கத்தில் வைத்து, கதாநாயகி போலீஸுக்குப் பயந்து புதரில் ஒளிவதாக நடிப்பார். நடுநடுவே அன்றைய செய்திகளைப் பேசுவார். கூட்டத்தில் மாறுவேடத்தில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரரை எல்லோருக்கும் அடையாளம் காட்டுவார். பிடிபட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டாதீர்கள், ஜூரி விசாரணை கேளுங்கள் என்று மேடையிலிருந்தே சொல்வார். கடைசியில் எல்லோரையும் எழுப்பி, தோளோடு தோள் சேர்த்து, பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டில் தங்களுக்கான வாழ்த்துப் பாட்டைப் பாட வைப்பார். இதை வேடிக்கை என்று ஒதுக்கினால் அரசியல் கூட்டம் என்று எதைச் சொல்வது?

வழக்காடி

தனித் திரி போட்டதற்கு நன்றி. சாரியாவின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் நின்று பாடிய அந்த மேடை எப்படிப் பிழைத்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

1949இல் கலிஃபோர்னியா மாநில வாரியம் பிளாக் கேட்டின் மது உரிமத்தை நிறுத்தி வைத்தது. அங்கே தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிறார்கள் என்பதுதான் காரணம். உரிமையாளர் சால் ஸ்டோமன் தன்பாலீர்ப்பாளர் அல்ல, அவர் வழக்குப் போட்டார். 1951இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், தன்பாலீர்ப்பாளர்கள் வந்து போகிறார்கள் என்பது மட்டுமே உரிமத்தைப் பறிக்கப் போதாது, அங்கே சட்டவிரோதமாகவோ ஒழுக்கக்கேடாகவோ ஏதாவது நடந்ததை நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தன்பாலீர்ப்பாளர்கள் ஓர் இடத்தில் கூடலாம் என்பதற்கு அந்த மாநிலத்தில் கிடைத்த முதல் சட்டப் பாதுகாப்பு இது. சாரியா அந்த மேடையில் புகழ்பெற்றது இதற்குப் பிறகுதான்.

1955இல் சட்டமன்றம் வேறு வழியில் வந்து, "நெறி பிறழ்ந்தவர்கள்" கூடும் இடத்தின் உரிமத்தை ரத்து செய்யலாம் என்று எழுதியது. அதையும் 1959இல் நீதிமன்றம்தான் அடித்தது. 1950இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய மேட்டஷீன் சொசைட்டி என்ற தன்பாலீர்ப்பாளர் சங்கம், 1955இல் டெல் மார்ட்டினும் ஃபில்லிஸ் லையனும் மற்றப் பெண்களோடு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டாட்டர்ஸ் ஆஃப் பிலிடிஸ் என்ற தன்பாலீர்ப்புப் பெண்கள் சங்கம், இவர்கள் எல்லாம் பத்திரிகை நடத்தினார்கள், மருத்துவர்களோடும் பாதிரியார்களோடும் பேசினார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் புனைபெயரில் எழுதியவர்கள் பலர். அந்தப் பொறுமையான உழைப்பு மேடை வெளிச்சத்தில் மறைந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கூத்துக்காரன்

ஐயா, நான் சட்டம் படித்தவனில்லை. மேடை எனக்குக் கொஞ்சம் தெரியும், அதனால் ஒன்று சொல்கிறேன்.

நம் கூத்தில் கட்டியங்காரன் வந்தால் என்ன செய்வான்? ராஜா கதை ஒரு பக்கம் ஓடும்போதே உள்ளூர்த் தலையாரியையும் பண்ணையாரையும் ஒரு பிடி பிடிப்பான். சனம் சிரிக்கும். தனியாக இருக்கும்போது பயந்த அதே விஷயத்துக்குக் கூட்டமாக உட்கார்ந்து சிரித்துவிட்டால், அப்புறம் அந்தப் பயம் பழைய அளவில் இருக்காது. சாரியா செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். தீர்ப்பு வந்து பார் திறந்திருக்கலாம். உள்ளே வந்தவன் தலையைக் குனிந்து குடித்துவிட்டுப் போனால் அது பார் மட்டும்தான்.

நெய்தல்

கூத்துக்காரன் அண்ணா சொன்னதற்கு ஓர் ஆதாரம் தருகிறேன். 1863இல் அந்த நகரம் போட்ட விதி ஒன்று, எதிர்ப்பாலினரின் உடையில் பொது இடத்துக்கு வருவதைக் குற்றமாக்கியது. எல்லோரும் மாறுவேடம் போடும் ஹாலோவீன் பண்டிகை இரவில் போலீஸ் கண்டுகொள்ளாது, நள்ளிரவு தாண்டியதும் பிடிக்கத் தொடங்கும். "ஏமாற்றும் நோக்கம்" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். சாரியா என்ன செய்தார் தெரியுமா? "நான் ஓர் ஆண்" என்று எழுதிய சீட்டுகளைச் செய்து வேடம் போட்டவர்களிடம் கொடுத்துக் குத்திக்கொள்ளச் சொன்னார். சீட்டே ஆண் என்று சொல்லும்போது ஏமாற்றினான் என்று எப்படி வழக்கு நிற்கும்? வழக்காடி ஐயா, இது சட்ட வேலை இல்லையா?

தேர்தலுக்கு வருகிறேன். ஐந்து இடங்கள், முப்பதுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள். சாரியா வெல்லவில்லை, சுமார் 5,600 வாக்குகள் வாங்கினார். 1961இல் அந்தப் பெயருக்கு எதிரே குறியிடுவது என்பது, ரகசிய வாக்குதான் என்றாலும், லேசான காரியமில்லை. இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம் என்று நகரத்துக்கும் தெரிந்தது, அவர்களுக்கே தெரிந்தது. எந்தப் பத்திரிகைக் கட்டுரையும் அந்த எண்ணைக் கொண்டுவந்து கொடுத்திருக்காது.

வழக்காடி

சீட்டு விஷயம் நல்ல யுக்தி, சந்தேகமில்லை. ஆனால் விதி அப்படியே இருந்தது. யுக்தி ஒரு இரவுக்கு உதவும், விதியை மாற்றுவது வேறு வேலை.

இன்னொன்று. 1963 ஹாலோவீனுக்குச் சற்று முன் பிளாக் கேட்டின் உரிமம் பறிபோனது. அந்த ஆண்டு விருந்தில் மது இல்லை, குளிர்பானம்தான் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கடையே மூடப்பட்டது. அத்தனை பாட்டும் அத்தனை வாக்கும் அந்த ஒரு கடையைக் காப்பாற்றவில்லை.

நகரத்தின் மனது மாறியது எப்போது என்று கேட்டால் நான் 1965 புத்தாண்டு நாளைச் சொல்வேன். மதமும் தன்பாலீர்ப்பாளரும் பற்றிய சபை ஒன்றைப் பாதிரியார்கள் முந்தைய ஆண்டுதான் அமைத்திருந்தார்கள். அதற்காக கலிஃபோர்னியா ஹாலில் ஒரு நடன விருந்து. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் போலீஸ் வாசலில் நின்று புகைப்படம் எடுத்தது, தடுத்த வழக்கறிஞர்களைக் கைது செய்தது. மறுநாள் பாதிரியார்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டி, கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். குடியுரிமைகளுக்காக வழக்காடும் ஏசிஎல்யூ அமைப்பு கைதானவர்களுக்காக வழக்கை எடுத்தது. கைதானவர்கள் தரப்பு பேசத் தொடங்கும் முன்பே, குற்றமற்றவர்கள் என்று சொல்லும்படி நீதிபதி ஜூரிக்கு உத்தரவிட்டார். போலீஸ் சொல்வதுதான் உண்மை என்று நம்பிய நடுத்தர வர்க்கம் அன்றைக்குத்தான் யோசித்தது. அதற்குக் காரணம் பாதிரியாரின் வெள்ளைக் கழுத்துப் பட்டை.

செங்காந்தள்

நான் திருநங்கை. இந்தத் திரியை முதலிலிருந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு பேரிடமும் எனக்குக் கேள்வி இருக்கிறது.

வழக்காடி ஐயா, அந்தப் புத்தாண்டு விருந்து மாறுவேட நடன விருந்து. ஆண்கள் கவுன் போட்டுக்கொண்டு வருவார்கள் என்று தெரிந்துதான் போலீஸ் கேமராவோடு நின்றது. பாதிரியார்கள் சாட்சி சொன்னார்கள், அது பெரிய உதவி. ஆனால் அந்தக் கேமரா முன்னால் நடந்து உள்ளே போன மனிதர்கள் யார்? படம் வெளியே வந்தால் வேலை, வீடு, பெற்ற பிள்ளை எல்லாம் போயிருக்கும் அவர்களுக்கு. பாதிரியாருக்குப் போகாது.

நெய்தல், உங்களுக்கும் சொல்கிறேன். மேடைக் கலைஞரை மட்டும் முன்னால் நிறுத்தும்போது தெருவில் நின்றவர்கள் காணாமல் போகிறார்கள். 1966 ஆகஸ்டில் அதே நகரத்தில், டெண்டர்லாய்ன் பகுதியில், டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த காம்ப்டன்ஸ் கஃபேடீரியாவில் போலீஸ் ஒரு திருநங்கையைப் பிடித்து இழுக்க, அவள் காபியை முகத்தில் வீசினாள். கோப்பையும் தட்டும் பறந்தன, கண்ணாடி உடைந்தது. ஸ்டோன்வாலுக்கு மூன்று ஆண்டுகள் முன்னால். அங்கே கூடிய திருநங்கைகளில் பலர் மேடையில் பாடியவர்கள் இல்லை. வாழ்க்கையே அப்படி. வேலை யாரும் தரமாட்டார்கள், தங்கும் அறை கிடைக்காது, உடல் விற்றுப் பிழைத்தார்கள். ஷோ முடிந்ததும் கவுனைக் கழற்றி வைத்துவிட்டுப் போக அவர்களால் முடியாது. அன்றைய நாளிதழ்கள் அதை எழுதவே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து வரலாற்றாய்வாளர் சூசன் ஸ்டிரைக்கர் தேடி எடுத்துச் சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. டிராக் என்ற ஒரே கூடையில் எங்களையும் போட்டு மூடாதீர்கள்.

நெய்தல்

செங்காந்தள் அக்கா, நீங்கள் சொல்வது முக்கியம். அன்றைய போலீஸ் டிராக் கலைஞர், திருநங்கை இரண்டு பேரையும் ஒரே விதியில்தான் பிடித்தது, அதனால் வரலாற்றிலும் கலந்து கிடக்கிறார்கள். பிரித்துச் சொல்ல வேண்டியது நம் வேலை.

ஆனால் சாரியாவை மேடையோடு நிறுத்துவதும் நியாயம் இல்லை. கை ஸ்டிரெய்ட் என்பவருடன் சேர்ந்து லீக் ஃபார் சிவில் எஜுகேஷன் என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பைத் தொடங்கினார். 1962இல் பார் உரிமையாளர்களும் ஊழியர்களும் டேவர்ன் கில்டு என்று சங்கம் வைத்தார்கள். அதன் நடன விழாவில் 1964இல் சாரியாவுக்கு ராணிப் பட்டம் கொடுத்தபோது, ராணி போதாது, நான் பேரரசி என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரில் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்ட நார்ட்டனின் விதவை என்று சொல்லிக்கொண்டார். அதிலிருந்து 1965இல் வளர்ந்த இம்பீரியல் கோர்ட் அமைப்பு இன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நகரங்களில் நிதி திரட்டிக் கொடுக்கிறது. மகுடமும் பட்டமும் பார்க்க விளையாட்டு, உள்ளே நடப்பது கணக்கு வழக்கோடு கூடிய நற்பணி. 2013இல் இறந்த சாரியாவை கோல்மாவில் நார்ட்டன் கல்லறைக்குப் பக்கத்தில்தான் புதைத்தார்கள்.

வழக்காடி

கோட் போட்டவர்களைக் கோழைகளாகப் பார்க்கும் போக்குக்கு ஒரு பதில். ஃபிராங்க் காமெனி என்ற வானியலாளரைத் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக 1957இல் அரசு வேலையிலிருந்து நீக்கியது ராணுவ வரைபடத் துறை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1965 முதல் 1969 வரை ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் பிலடெல்பியாவில் அவரும் தோழர்களும் நடத்திய தன்பாலீர்ப்பாளர் உரிமை மறியலில் ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிய வேண்டும் என்பது விதி. வெட்கப்பட்டு அல்ல. "எங்களை வேலைக்கு எடு" என்று கேட்கிறவன் வேலைக்கு வருகிறவனைப் போல நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். முகத்தைக் காட்டிக்கொண்டு பகலில் தெருவில் நின்றார்கள். அதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

செங்காந்தள்

வேண்டும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விதி யாரை வெளியே நிறுத்தியது? என்னைப் போன்றவர்களை.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்றும் பாருங்கள். 1973இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர் பேரணி. வாஷிங்டன் சதுக்க மேடையில் எங்களுக்காகப் போராடிய சில்வியா ரிவேரா ஏறியபோது கூச்சல் போட்டு இறக்கப் பார்த்தார்கள். சிறையில் கிடக்கும் தன் ஆட்களைப் பற்றிப் பேச வந்தவர் அவர். டிராக் வேடம் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று தன்பாலீர்ப்புப் பெண்கள் தரப்பில் ஜீன் ஓ'லியரி அறிக்கை வாசித்தார். டிராக் கலைஞர்கள் தரப்பில் லீ பிரூஸ்டர் மேடை ஏறிப் பதில் சொன்னார். ஓ'லியரி பிற்காலத்தில் அதற்கு வருந்தினார். வருந்துவதற்குள் நிறைய பேர் அந்த இயக்கத்தை விட்டுப் போய்விட்டார்கள்.

கூத்துக்காரன்

அக்கா சொன்னதைப் படித்து மனசு கனத்துப்போனது. பேரணியில் வாசிக்க, ஆட, நிதி வசூலிக்க மட்டும் அவர்கள் வேண்டும். பேசக் கூடாதா?

வழக்காடி

1973இல் நடந்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தேர்தலுக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவில் அரசியல்வாதிகள் வந்து நின்றது எஸ்ஐஆர் (சொசைட்டி ஃபார் இண்டிவிஜுவல் ரைட்ஸ்) என்ற தன்பாலீர்ப்பாளர் சங்கத்தின் வேட்பாளர் கூட்டங்களில். 1964இல் தொடங்கியது அது. உறுப்பினர் பட்டியல், கமிட்டி, 1966இல் சொந்தமாக ஒரு சமூக மையம். பாருக்கு ஓட்டுக் கேட்டு வருவதும் கமிட்டிக்குப் பதில் சொல்ல வருவதும் ஒன்றல்ல. கமிட்டி அடுத்த ஆண்டும் இருக்கும், அதே கேள்வியை மறுபடி கேட்கும்.

நெய்தல்

எஸ்ஐஆரின் பலமே மேட்டஷீனைப் போல இல்லாமல் இருந்ததுதான் ஐயா. நடனம் வைத்தார்கள், டிராக் நிகழ்ச்சி வைத்தார்கள், அதனால் ஆள் சேர்ந்தது. மேட்டஷீனின் வாசலில் அத்தனை பேர் வரவில்லை. உறுப்பினர் பட்டியல் நீளமானால்தான் வேட்பாளர் வருவார். 5,600 என்ற எண் இல்லாத ஊரில் எந்த வேட்பாளர் கமிட்டி முன்னால் வந்து உட்காருவார்?

செங்காந்தள்

எனக்கு இதில் ஒரு தேதிதான் உறுத்துகிறது. 1863 உடை விதியை அந்த நகரம் நீக்கியது 1974இல். சாரியா சீட்டுக் குத்தி, காம்ப்டன்ஸ் உடைந்து, எஸ்ஐஆர் மையம் திறந்து, இத்தனைக்கும் பிறகு. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் வில்லி பிரவுன் கொண்டுவந்த மசோதா ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. படுக்கையறைக்கான சட்டத்தைப் பற்றி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தெருவில் நடக்க எங்களை விட்ட அந்த நீக்கத்துக்காக யார் எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வந்து படிப்பேன்.

வழக்காடி

நகர அவையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்க வேண்டும். தேடிப் பார்க்கிறேன். கிடைத்ததை இங்கேயே போடுகிறேன்.