மொரிஸ் மைனர் 1000: முன் சஸ்பென்ஷனை வீட்டில் கழட்டிப் பூட்டுறது

தீவான்:
வணக்கம். 1962 மைனர் 1000. முன் வலது சில்லை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினால் டக் டக் எண்டு ஆடுது. ஒராளைப் பிரேக் மிதிக்கவிட்டு ஆட்டினாலும் அதே ஆட்டம். கராஜில பெயரிங் மாத்தச் சொல்லினம். இரண்டு ஜக், இரண்டு ஸ்டாண்ட், ஸ்பானர் செட் இருக்கு. வீட்டில செய்யலாமா? எந்த ஒழுங்கில கழட்டுறது?

மரைக்காரன்:
பெயரிங் இல்லை. பெயரிங் ஆட்டமெண்டால் பிரேக் பிடிச்சவுடன நிண்டிருக்கும். இது ட்ரனியன், சில்லைத் தாங்கிற பின்னில மரையால ஏறி நிக்கிற துண்டு. வேலை முடியுமட்டும் காரை ரோட்டில எடுக்காதேங்கோ.

சுவிவல் பின் எண்டது சில்லு திரும்பிற நிமிர்ந்த தண்டு. அதின்ர இரண்டு முனையிலயும் மரை இருக்கு. அதிலதான் மேல் ட்ரனியனும் கீழ் ட்ரனியனும் ஏறி நிக்குது. நிலம் சில்லை மேல தள்ள, டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்கா வேலை செய்யிற இரும்புக் கம்பி) கீழ்க் கையைக் கீழ தள்ளுது. இரண்டும் பிரியாமல் பிடிச்சு வைச்சிருக்கிறது கீழ் ட்ரனியன்ர மரை மட்டும்தான். சீல் போனால் மண்ணும் தண்ணியும் உள்ளுக்குப் போய் அந்த மரையை அரிச்சுப்போடும். மரை வழுகினால் சுவிவல் பின் கழண்டு சில்லு மட்காட்டுக்குள்ள மடியும்.

சாமான் வாங்கேக்க கவனம்: வலதுக்கும் இடதுக்கும் மரை எதிரெதிர்த் திசை. தேஞ்ச பின்னில புது ட்ரனியனை ஏத்தினால் கொஞ்ச நாளில அதையும் தின்னும். பின், ட்ரனியன், சீல், ரப்பர் புஷ், ஸ்பிளிட் பின் எல்லாம் புதுசா எடுங்கோ. மற்றப் பக்கத்தையும் கட்டாயம் பாருங்கோ.

கிறீஸ்கை:
கழட்டிற ஒழுங்கு. பின் சில்லுகளுக்கு அண்டை குடுத்து, சில்லு நட்டுகளை நிலத்தில வைச்சே இளக்குங்கோ. சசியைத் தூக்கி ஸ்டாண்டில இருத்திச் சில்லைக் கழட்டுங்கோ. இரண்டாவது ஜக்கைக் கீழ்க் கையின்ர வெளி முனைக்குக் கீழ, இடையில ஒரு பலகைத் துண்டோட வைச்சு, சொக்கின்ர கை (சொக் அப்சோபரில இருந்து வாற, மேல் ட்ரனியனைப் பிடிக்கிற கை) அது கீழ முட்டி நிக்கிற ரப்பரை விட்டுக் கிளம்புமட்டும் தூக்குங்கோ. இந்த ஜக்தான் டோர்ஷன் பாரின்ர முழு விசையையும் தாங்குது. இது சறுக்கினால் கை அடிச்சுக் கீழ வரும், விரலை அதுக்குக் கீழ கொண்டுபோகாதேங்கோ.

பிறகு பிரேக் ஹோஸைக் கழட்டிப் பைப்பை அடையுங்கோ. ஸ்டியரிங் டை ரொட் (சில்லைத் திருப்புற கம்பி) முனையின்ர நட்டை எடுத்துப்போட்டு, அது பூட்டியிருக்கிற கண்ணின்ர ஒரு பக்கம் பாரச் சுத்தியலை அணைச்சு மற்றப் பக்கம் ஓங்கி ஒரு அடி, மரையில அடிக்கக்கூடாது. மேல் ட்ரனியனைச் சொக்கின்ர கையில இருந்து விடுவிச்சு, ஜக்கை மெல்ல மெல்ல இறக்குங்கோ. விசை போனபிறகு டை பாரையும் (கீழ்க் கை முன்னுக்குப் பின்னுக்கு அசையாமல் பிடிக்கிற கம்பி) கீழ்க் கையின்ர முன் பாதியையும் எடுத்தால் ட்ரனியன் வெளியில வரும்.

ட்ரனியன் மட்டும் மாத்திறதெண்டால் டோர்ஷன் பாரைத் தொடவேண்டியதில்லை. ஐ போல்ட் புஷ்ஷும் (கீழ்க் கையின்ர உள் முனையில இருக்கிற ரப்பர்) மாத்திறதெண்டால், பாரும் கையும் சேருற இடத்தில பெயின்டால அடையாளம் வைச்சுப்போட்டுக் கழட்டுங்கோ. ஒரு பல் மாறினாலும் கார் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும். இடது பாரையும் வலது பாரையும் மாறிப் போடக்கூடாது, ஒரு திசைக்கு முறுகிப் பழகின இரும்பு அது. அதில ஒரு கீறலும் விழக்கூடாது. வெடிப்பு அங்கதான் துடங்கும்.

தீவான்:
நன்றி அண்ணை. மரைக்கு கியர் ஒயில் விடச் சொல்லி ஒராள் சொன்னார், சரியா? பூட்டேக்க வேற என்ன பார்க்க வேணும்?

மரைக்காரன்:
கியர் ஒயில் ட்ரயம்ப் ஹெரல்டுக்குச் சொல்லுறது. மைனருக்குக் கிறீஸ். சில்லு நிலத்தில நிக்க அடிச்சால் பாரம் ஏறுற மரை முகத்துக்குக் கிறீஸ் போகாது. சசியில ஜக் குடுத்து, சில்லு தொங்க, ஸ்டியரிங்கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வெட்டி வெட்டி, சீலுக்கால புதுக் கிறீஸ் பிதுங்குமட்டும் அடியுங்கோ.

பூட்டேக்க ட்ரனியனை முட்டுமட்டும் முறுக்கி, ஏறத்தாழ ஒரு சுத்து பின்னுக்கு எடுங்கோ. முட்டினபடி விட்டால் முழுசா வெட்டேக்க இறுகும்.

கிறீஸ்கை:
ரப்பர் புஷ் இருக்கிற நட்டுகளை முதலில கைப்பிடியா மட்டும் பூட்டுங்கோ. காரை நிலத்தில இறக்கி, முன்னுக்கு ரண்டு மூண்டு தரம் அமத்தி விட்டபிறகுதான் கடைசி இறுக்கு. கை தொங்கேக்க இறுக்கினால், கார் இறங்கினவுடன ரப்பர் முறுகினபடி நிக்கும். கெதியாக் கிழியும், உயரமும் கூடிக் காட்டும். பொலியூரித்தேன் புஷ் உழைக்கும், ஆனால் ரோட்டின்ர அதிர்வு முழுக்க உள்ளுக்கு வரும். ரப்பரே போடுங்கோ.

பிரேக்கில காத்து எடுத்தபிறகு டோ இன் (முன் சில்லுகள் முன்பக்கம் உள்ளுக்குத் திரும்பி நிக்கிற அளவு) பாருங்கோ: 3/32 அங்குலம், கிட்டத்தட்ட 2.4 மி.மீ. சொக்கில ஒயில் மட்டத்தையும் அப்பவே பாருங்கோ. சொக்கைச் சோதிக்கிறது பூட்டமுதல்: மேல் ட்ரனியனைக் கழட்டினபடி சொக்கின்ர கையை மேலயும் கீழயும் அசைக்க ஒரே சீரா இறுக்கம் இருக்கவேணும். நடுவில இளகினால் ஒயில் குறைவு அல்லது வால்வு தேய்வு. தண்டடியால ஒயில் கசிஞ்சால் அந்தச் சொக்கை மாத்தவேணும்.