அப்பாவின் இடுப்பில் இருப்பது எந்தக் கம்பெனி மூட்டு? கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 2008-இல் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. ஆறு மாதமாக அந்தப் பக்கம் வலி. எந்தக் கம்பெனி மூட்டு என்று இப்போதைய டாக்டர் கேட்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மெட்டல் ஆன் மெட்டல்' (மூட்டின் பந்து, கிண்ணம் இரண்டுமே உலோகம்) என்று மட்டும்தான் இருக்கிறது. மூட்டின் கம்பெனி, மாடல் விவரம் உள்ள ஸ்டிக்கர் ஒட்டிய தாளைக் காணோம். (வீடு மாறியபோது பழைய பேப்பரோடு போயிருக்கும், அம்மா மேல்தான் சந்தேகம்.)

டெப்யூ நிறுவனம் இதே வகையைச் சேர்ந்த தன் ஏஎஸ்ஆர் மாடல் இடுப்பு மூட்டுகளை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அப்பாவுடையதும் அதுதானோ என்று கவலை. உலோகம் உலோகத்தோடு உராய்ந்து கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலப்பதுதான் பயம். அதற்கான ரத்தப் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பழைய ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு இல்லை என்கிறார்கள். எக்ஸ்ரேயை வைத்தே மாடலைக் கண்டுபிடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், சென்னையில் மறு ஆபரேஷனில் அனுபவமுள்ள டாக்டர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.